சோளக் கட்டையில் பூக்கும் ஆரஞ்சுப் பூசணம்: புரதங்களின் வேலையைக் கண்ணால் பார்க்க ஒரு செய்முறை

வேகவைத்த மக்காச்சோளத்தைத் தின்றுவிட்டுக் கட்டையை ஒரு மூலையில் போட்டுவைத்தால், ராயபுரம், தண்டையார்பேட்டைப் பக்கத்துக் கடற்காற்றின் ஈரத்தில் சில சமயம் இரண்டாம் நாளே அதன்மேல் ஆரஞ்சு நிறப் பஞ்சு ஒன்று பூத்துவிடும். கரும்பு ஜூஸ் வண்டிக்குப் பின்னால் குவிந்து கிடக்கும் சக்கையிலும் அதைப் பார்க்கலாம். தொட்டால் மாவாக ஒட்டும், ஊதினால் புகையாகப் பறக்கும். இது நியூரோஸ்போரா என்ற பூஞ்சை. 1843-ல் பிரான்சின் ரொட்டிக் கூடங்களைப் படாதபாடு படுத்தியதும் இதுதான். 1941-ல் அமெரிக்க அறிவியலாளர்கள் பீடிலும் டேட்டமும் ஒவ்வொரு மரபணுவும் ஒரு நொதிக்குப் பொறுப்பு என்று காட்டியது இதன் ஓர் இனத்தை வைத்து. அதற்கு 1958-ல் நோபல் பரிசு கிடைத்தது.

இந்தப் பூசணம் நீள்வது, வெட்டினால் காயத்தை அடைப்பது, வெளிச்சத்தில் நிறம் ஏறுவது, பொடியாக உதிர்வது, இணை தேடுவது ஆகிய ஒவ்வொன்றின் பின்னாலும் பெயர் தெரிந்த ஒரு புரதம் வேலை செய்கிறது. உப்பு, பிளேடு, நீல விளக்கு, தண்ணீர்த் துளி, வெந்நீர் இவ்வளவு இருந்தால் அந்தப் புரதங்களைச் சீண்டிப் பார்க்கலாம். ஒரு எல்லையை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இங்கே தெரிவது புரதம் செய்து முடித்த வேலை மட்டும். 'இந்தப் புரதம்தான் இதைச் செய்கிறது' என்று நிறுவ, அந்த ஒரு மரபணுவை நீக்கிய வகையை அருகில் வைத்து வளர்த்து ஒப்பிட வேண்டும். நியூரோஸ்போரா கிராசா என்ற இனத்தின் ஏறக்குறைய எல்லா மரபணுக்களுக்கும் அப்படி நீக்கிய வகைகள் அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் உள்ள பூஞ்சை மரபியல் சேமிப்பு மையத்தில் இருக்கின்றன. கீழே புரதங்களின் பெயரோடு சொல்லப்படும் விளக்கங்கள் அப்படி மரபணு நீங்கிய அல்லது பழுதான வகைகளைக் கொண்டு உறுதியானவை.

தொடங்குமுன்

ஆஸ்துமா, மூச்சிரைப்பு, நோய் எதிர்ப்புக் குறைவு உள்ளவர்கள் இருக்கும் வீட்டில் இதைச் செய்ய வேண்டாம். நியூரோஸ்போராவால் வரும் ஆபத்து குறைவு. ஜாவாவின் மேற்குப் பகுதியில் இதைக் கொண்டே சிவப்பு ஒன்சோம் என்ற உணவு தயாராகிறது. ஆனால் தெருவில் எடுத்த கட்டையில் இது மட்டும் இருக்காது. மஞ்சள் கலந்த பச்சைப் பொடி தெரிந்தால் அது அஸ்பெர்ஜில்லஸாக இருக்கலாம். அதில் அஃப்ளடாக்சின் என்ற நச்சை உண்டாக்கும் இனம் உண்டு. திறக்காமல் அப்படியே அழித்துவிட வேண்டும். எடுத்த எதையும் வாயில் வைக்கக் கூடாது. என்-95 முகக்கவசமும் கையுறையும் கட்டாயம். பக்கத்தில் பேக்கரியோ மாவு மில்லோ இருந்தால் இடத்தை மாற்றுங்கள். ஒருமுறை பரவிவிட்டால் மாதக்கணக்கில் விரட்ட வேண்டியிருக்கும்.

வேலை செய்ய, உள்ளே இரண்டு கை நுழையும்படி ஓட்டை போட்ட பெரிய ஒளிபுகும் பிளாஸ்டிக் பெட்டி போதும். மின்விசிறியை நிறுத்தி, கடற்காற்று வரும் ஜன்னலைச் சாத்தி, பெட்டியின் உட்புறத்தை 70 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, பத்து நிமிடம் அசையாமல் விடுங்கள். பெட்டிக்குள் நெருப்பு கூடவே கூடாது. ஆல்கஹால் ஆவி பற்றிக்கொள்ளும். கம்பியைச் சுட்டுப் பழுக்கவைப்பதற்குப் பதில், மூங்கில் பல்குச்சிகளை அலுமினியத் தாளில் சுற்றிக் குக்கரில் வேகவைத்து, ஒரு தொடுதலுக்கு ஒரு குச்சி என்று பயன்படுத்தினால் போதும்.

ஊடகம்

பூஞ்சையை வளர்க்கும் உணவுக் கலவைதான் ஊடகம். 250 மி.லி. தண்ணீருக்கு: சர்க்கரை 4 கிராம், உலர் ஈஸ்ட் 1.25 கிராம், பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் 0.5 கிராம், எப்சம் உப்பு 0.1 கிராம், உறையவைக்க அகர் தூள் 4 கிராம். அகர் கிடைக்காவிட்டால் மண்ணடிக் கடைகளில் விற்கும் கடல்பாசி இழை 5 கிராம். அதன் உறைச்சல் கொஞ்சம் தளர்வாக இருக்கும். உப்புகள் பூங்கா நகர் நைனியப்ப நாயக்கன் தெருக் கெமிக்கல் கடைகளில் கிடைக்கும். 0.1 கிராமைச் சமையலறைத் தராசு காட்டாது, தங்கம் நிறுக்கும் சிறு மின் தராசு வேண்டும்.

ஈஸ்ட்டைத் தனியாகப் பத்து நிமிடம் கொதிக்கவைத்து, தெளியவிட்டு, மேல்நீரை மட்டும் சேருங்கள். இதைத் தவிர்க்க முடியாது. நியூரோஸ்போரா சர்க்கரையையும் உப்புகளையும் கொண்டு தனக்கு வேண்டிய அமினோ அமிலங்கள் அனைத்தையும் தானே செய்துகொள்ளும். அதனால் செய்ய முடியாத வைட்டமின் பயோட்டின் ஒன்றுதான். ஈஸ்ட் சாற்றில் அது வந்துவிடுகிறது, நைட்ரஜனும் கூட வருகிறது. பீடில், டேட்டம் சோதனையே இதை நம்பித்தான் நடந்தது. எல்லாவற்றையும் தானே செய்யும் உயிரியால் திடீரென்று ஒன்றைச் செய்ய முடியாமல் போனால், எந்த நொதி பழுதானது என்று தேடிப் பிடிக்க முடியும்.

ஆய்வகங்களில் பயன்படும் வோகல் ஊடகத்தில் அம்மோனியம் நைட்ரேட் சேரும். அது 2012-ம் ஆண்டு விதிகளின்படி உரிமம் வேண்டிய வெடிபொருள். பெய்ரூட் துறைமுகத்தில் அது வெடித்த விபத்துக்குப் பின் 2020 ஆகஸ்டில் மணலியில் கிடந்த ஏறக்குறைய 700 டன்னை ஹைதராபாத்துக்கு அப்புறப்படுத்தியது இந்தப் பக்கத்து மக்களுக்கு மறந்திருக்காது. ஈஸ்ட் சாறு இருக்கும்போது அது தேவையே இல்லை.

தண்ணீர் கேன் தண்ணீராக இருக்கட்டும். கடலோரத் தெருக்களில் போர் தண்ணீர் உப்புக் கரிக்கும். அதை ஊற்றினால் பின்னால் வரும் உப்புச் சோதனையில் ஒப்பிட அடிப்படையே இல்லாமல் போகும்.

பத்து லிட்டர் குக்கரில், வெயிட் நன்றாக ஆவி விடத் தொடங்கியபின் தீயைக் குறைத்து 25 நிமிடம். விசிலை எண்ணாதீர்கள், நேரத்தைப் பாருங்கள். அடுப்பை அணைத்ததும் வெயிட்டைத் தூக்கி ஆவியை வெளியேற்றினால் ஊடகம் பொங்கிப் பஞ்சு அடைப்பு நனைந்துவிடும். நனைந்த பஞ்சு வழியாக நியூரோஸ்போரா உள்ளிருந்து வெளியே வளர்ந்து வந்துவிடும். மற்ற பூசணங்களைக் காட்டிலும் இதற்கு இந்தப் பழக்கம் அதிகம். அடைப்புக்கு மருந்துக்கடைப் பஞ்சு ஆகாது, அது ஈரத்தை உறிஞ்சும். சுத்திகரிக்காத பருத்தியோ இலவம் பஞ்சோ சரி. இலவம் பஞ்சு சட்டென்று தீப்பிடிக்கும், அடுப்பருகே வைக்க வேண்டாம்.

பிடிப்பதும் பிரிப்பதும்

வெந்த கட்டைகளை நான்காக வெட்டி, ஐந்தாறு எவர்சில்வர் டப்பாக்களில் அடியில் ஈரத்தாள் போட்டு வைத்து, மூடியைச் சற்றே திறந்தபடி வெவ்வேறு இடங்களில் நிழலில் விடுங்கள். எல்லாவற்றிலும் வராது. 24, 36, 48 மணியில் பாருங்கள். நிறம் ஏறிப் பொடியாகும் முன், வெளிறிய பஞ்சாக இருக்கும்போதே எடுத்துவிடுவது நல்லது.

எது எது என்று பிரிப்பது எளிது. சாம்பல் பஞ்சில் குண்டூசித் தலை மாதிரிக் கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் ரைசோபஸ். பசைபோல வழுவழுப்பான சிவப்போ பவள நிறமோ வந்தால் பாக்டீரியா அல்லது ஈஸ்ட். வெள்ளையிலிருந்து மெதுவாக ரோஜா நிறமாக மாறினால் ஃபுசேரியமாக இருக்கலாம். காய்ந்த, பறக்கும், பளிச்சென்ற ஆரஞ்சுப் பொடி இரண்டே நாளில் வந்தால்தான் நியூரோஸ்போரா. இனம் எது என்று கண்ணால் சொல்ல முடியாது, தெரிந்த இனத்தோடு இணையவைத்துப் பார்க்க வேண்டும். மக்காச்சோளக் கட்டையில் வருவது பெரும்பாலும் நியூரோஸ்போரா இன்டர்மீடியா என்ற இனம்.

பல்குச்சி நுனியை முதலில் அகரில் குத்தி ஈரமாக்கிக்கொண்டு பஞ்சைத் தொட வேண்டும். காய்ந்த குச்சியால் தொட்டால் பெட்டி முழுக்கப் பொடி பறக்கும். ஊடகத் தட்டின் ஓரத்தில் ஒரே இடத்தில் தொட்டு வைத்து மறுநாள் பாருங்கள். சென்னை வெப்பத்தில் முன்னணி, அதாவது பூஞ்சை இழைகள் வளர்ந்து முன்னேறும் விளிம்பு, தட்டின் பெரும்பகுதியைக் கடந்திருக்கும். அந்த முன்னணியின் கடைசி 2 மி.மீ. அகரை மட்டும் வெட்டிப் புதுத் தட்டில் வையுங்கள். பாக்டீரியா அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் பின்தங்கிவிடும். இரண்டு முறை இப்படி மாற்றினால் போதும். ரைசோபஸ் கலந்திருந்தால் மட்டும் இந்த வழி உதவாது, அதுவும் வேகமானது. அந்தத் தட்டை விட்டுவிட்டு வேறு கட்டையிலிருந்து தொடங்குவதே மேல்.

நுனி ஓட்டம்

25×200 மி.மீ. பாய்லிங் டியூபில் 10 மி.லி. ஊடகம் ஊற்றி, பஞ்சால் அடைத்து, குக்கரில் சாய்த்து வைத்து வேகவையுங்கள். கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் டியூபைப் படுக்கவைத்து, வாய்ப்பக்கத்தை 1 செ.மீ. மட்டும் உயர்த்தி உறையவிடுங்கள். அடியிலிருந்து சுமார் 16 செ.மீ. நீளத்துக்கு அகர்த் தளம் கிடைக்கும், பஞ்சு நனையாது. செலவைக் குறைக்கப் பழைய டியூப் லைட்டை வெட்டலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், உள்ளே பாதரசம் இருக்கிறது.

தொடும் இடம் அகரின் வாய்ப்பக்க நுனி. உட்கோடி வரை குச்சியை நீட்டினால் வழியெல்லாம் பொடி சிந்தும். பொடியின் ஒவ்வொரு துகளும் ஒரு வித்து; சிந்திய ஒவ்வொன்றும் முன்னணிக்கு முன்பே தனியாக முளைத்து அளவைக் குலைத்துவிடும். அதனால் பொடிக்குப் பதில் முன்னணியிலிருந்து வெட்டிய சிறு அகர்த் துண்டை வையுங்கள்.

ஆறு மணிக்கு ஒருமுறை முன்னணி நிற்கும் இடத்தைக் கண்ணாடிமேல் மார்க்கரால் கோடிட்டு நேரமும் அறை வெப்பமும் குறியுங்கள். முதல் சில மணி நேரம் துண்டு பழகிக்கொள்ளும் காலம், அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அதன்பின் கோடுகளின் இடைவெளி கிட்டத்தட்ட ஒரே சீராக இருக்கும். நாளொன்றுக்கு ஏழெட்டு செ.மீ. என்பது 25 டிகிரியில் சாதாரணம், நம் அறை வெப்பத்தில் அதற்கும் மேல் போகும். இரவு ஏ.சி. போட்டுப் பகலில் நிறுத்தும் அறையில் வைத்தால் கோடுகள் நெருங்கியும் விலகியும் வரும். அது பூஞ்சையின் குணமல்ல, அறையின் குணம்.

இவ்வளவு வேகம் எப்படி? இழை முழுவதும் நீள்வதில்லை, நுனி மட்டும்தான் நீள்கிறது. சுவர் கட்டும் சரக்கு நுண்பைகளில் அடைத்து, நுண்குழல் தண்டவாளங்களின் மேல் கைனெசின் என்ற இயக்கப் புரதம் இழுக்க, நெடுந்தூரம் பின்னாலிருந்து நுனிக்கு வருகிறது. நுனிக்குச் சற்று உள்ளே அந்தப் பைகள் குவியும் இடத்துக்கு ஸ்பிட்சன்கார்பர் என்று பெயர். அங்கிருந்து, கைட்டின் என்ற சுவர்ப்பொருளைச் செய்யும் கைட்டின் சின்தேஸ் நொதிகள் போய் நுனியில் புதுச் சுவரை நெய்கின்றன. அதாவது முன்னணியில் ஒரு நாள் நீளத்தைப் பின்னால் இருக்கும் இழைகளும் சேர்ந்து ஊட்டுகின்றன. எதிர்த்திசையில் இழுக்கும் டைனீன் புரதம் பழுதான வகைகளில் இழை நேராகப் போகாமல் முறுக்கிய கயிறுபோல் சுருண்டு, வேகம் வெகுவாகக் குறையும். அந்த வகைகளுக்குக் 'கயிறு' என்ற பொருளிலேயே பெயர்.

இப்போது உப்பு. மூன்று டியூபில் உப்பு இல்லாமல், மூன்றில் டியூபுக்கு 0.2 கிராம், மூன்றில் டியூபுக்கு 0.4 கிராம் கல்லுப்பு போட்டால் 2 சதவீதமும் 4 சதவீதமும் ஆகும். உப்பு டியூபில் முன்னணி முதலில் தயங்கி நிற்கும், பிறகு மெதுவாகப் புறப்படும். அந்தத் தயக்கத்தைத்தான் பார்க்க வேண்டும். வெளியே உப்பு ஏறியதும் இழைக்குள் நீரழுத்தம் குறைகிறது. அழுத்தம் இல்லாமல் நுனி முன்னே தள்ளாது. ஓஎஸ்-1 என்ற உணர்புரதம் தொடங்கிவைக்கும் சங்கிலி ஓஎஸ்-2 என்ற கைனேஸ் (பாஸ்பேட் ஒட்டிச் செய்தி கடத்தும் நொதி) வரை செய்தியைக் கடத்த, இழை தனக்குள் கிளிசரால் சேர்த்து நீரைத் திரும்ப இழுத்துக்கொள்கிறது. இந்தச் சங்கிலி அறுந்த வகைகள் 4 சதவீத உப்பில் வளர்வதே இல்லை. ஃப்ளூடையாக்சோனில் போன்ற பூஞ்சைக்கொல்லிகள் இதே சங்கிலியைத் தேவையில்லாத நேரத்தில் முடுக்கிவிட்டுத்தான் பூஞ்சையைக் கொல்கின்றன. காசிமேட்டுக் கருவாட்டில் சில சமயம் தெரியும் பழுப்புப் புள்ளிகள் வேறு கதை. அது வாலேமியா, உப்பையும் வறட்சியையும் விரும்பி வளர்வது. நியூரோஸ்போராவுக்குக் கருவாடு ஒத்துவராது.

பிளேடு

நுண்ணோக்கியில் 40 மடங்கு பொருளருகு வில்லை இருந்தால்தான் இது பயன்படும். கண்ணாடித் தகட்டில் மெல்லிய அகர்ப் படலம் ஊற்றி, ஓரத்தில் தொட்டு, ஈரத்தாள் விரித்த பெட்டியில் இரவு முழுக்க வைத்தால் காலையில் முன்னணி இழைகள் தனித்தனியாக நிற்கும். நீர் விடுவதானால் அகர் சேர்க்காத அதே ஊடகத்தை விடுங்கள். வெறும் தண்ணீர் விட்டால் உள்ளே பாய்ந்து நுனிகள் வெடித்துவிடும். புதிதாகச் செய்பவர்கள் பார்ப்பது பெரும்பாலும் இந்த வெடித்த நுனிகளைத்தான்.

கவர்ஸ்லிப்பின்கீழ் உட்சரக்கு ஆறுபோல் நுனி நோக்கி ஓடுவது தெரியும். குறுக்குச் சுவர்கள் இருந்தாலும் நடுவில் துளை உண்டு, அதன் வழியே உட்கருக்கள்கூடக் கடந்து போகும். புதுப் பிளேடால் முன்னணிக்கு 5 மி.மீ. பின்னால் ஒரு வெட்டு போட்டு உடனே பாருங்கள். உட்சரக்கு ஒரு கணம் பீறிட்டு, வெட்டுக்கு அடுத்த குறுக்குச் சுவரில் டக்கென்று நிற்கும். சுவருக்கு அந்தப்பக்கம் இழை உயிரோடு இருக்கும், சிறிது நேரத்தில் அங்கிருந்தே புது நுனி புறப்படும்.

துளையை அடைத்தது வொரோனின் உடல் என்னும் சிறு கட்டி. 1864-லேயே கண்டது, அது எதனால் ஆனது என்பது 2000-ல்தான் தெரிந்தது. ஹெக்ஸ்-1 என்ற ஒரே புரதம் தன்னோடு தானே அடுக்கிப் படிகமாகி இந்தக் கட்டியாகிறது. படிகம் என்பதால்தான் பீறிடும் அழுத்தத்தில் நசுங்காமல் துளையில் போய்ச் சிக்குகிறது. ஹெக்ஸ்-1 இல்லாத வகையை வெட்டினால் உட்சரக்கு வடிந்துகொண்டே இருக்கும். அந்த வகை இல்லாதவர்கள் கட்டையில் வந்த ரைசோபஸை அருகில் வைத்து வெட்டிப் பார்க்கலாம். அதன் ஓடும் இழைகளில் பெரும்பாலும் குறுக்குச் சுவரே இல்லை, வொரோனின் உடலும் இல்லை. வேறுபாடு பார்த்த மாத்திரத்தில் தெரியும்.

நீல விளக்கு

ஒரே நாளில் ஒரே ஊடகத்தில் தொட்ட ஆறு தட்டுகள். எல்லாவற்றையும் அலுமினியத் தாளில் இரட்டையாகச் சுற்றி 18 முதல் 20 மணி நேரம் இருட்டில் வளருங்கள். பிறகு இரண்டுக்கு ஒரு மணி நேரம் நீல எல்.இ.டி., இரண்டுக்கு அதே நேரம் சிவப்பு எல்.இ.டி., இரண்டு இருட்டிலேயே. விளக்கை 30 செ.மீ. தள்ளி வையுங்கள், சூடு படக் கூடாது. மறுபடி எல்லாவற்றையும் சுற்றி, இறுக மூடும் டப்பாவில் போட்டு, ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் ஒரு நாள் வையுங்கள். குளிரில் வளர்ச்சி நின்றாலும் நிறமி சேர்வது நிற்பதில்லை, இன்னும் கூடுதலாகவே சேரும். அந்த டப்பா இருக்கும் தட்டில் உணவு எதுவும் வேண்டாம்.

மறுநாள் வெள்ளைத் தாளின்மேல் வைத்து ஒப்பிட்டால் நீலம் பட்ட தட்டின் இழைப்படலத்தில் மட்டும் ஆரஞ்சுச் சாயல். சிவப்பு பட்டதும் இருட்டில் இருந்ததும் ஒரே மாதிரி வெளிறியிருக்கும். அதனால்தான் இந்தப் பூஞ்சையோடு வேலை செய்பவர்கள் இருட்டறையில் சிவப்பு விளக்கு வைத்துக்கொள்கிறார்கள்.

இங்கே பலர் தவறாகப் படிக்கும் ஒரு விஷயம் உண்டு. இன்னும் ஒரு நாள் அதிகமாக வளர்த்துவிட்டால் இருட்டில் இருந்த தட்டும் ஆரஞ்சாகிவிடும், சோதனை தோற்றது போலத் தோன்றும். தோற்கவில்லை. பொடியாகும் வித்துகள் வெளிச்சம் இல்லாமலே நிறமியைச் செய்துகொள்ளும். இழைப்படலம்தான் வெளிச்சத்துக்காகக் காத்திருக்கும். ஒளியுணர் புரதத்தின் பெயரே இதிலிருந்து வந்தது. அது பழுதான வகையைச் சாய்வு டியூபில் வளர்த்தால் மேலே ஆரஞ்சுப் பொடி, அதன்கீழே வெள்ளையாக ஒரு வளையம். சட்டையின் வெள்ளைக் காலர் மாதிரி. அதனால் வொயிட் காலர்-1, வொயிட் காலர்-2. ஒன்றாவது புரதம் ஃபிளேவின் நிறமியைத் தாங்கி நீல ஒளியைப் பிடிக்கிறது. இரண்டும் ஜோடியாக டி.என்.ஏ.வில் போய் உட்கார்ந்து நிறமி நொதிகளின் மரபணுக்களை எழுப்புகின்றன. எழுப்பியபடியே இருந்தால் வீண்செலவு. அதனால் அதே ஜோடி விவிட் என்ற சிறு புரதத்தையும் உண்டாக்குகிறது, அது திரும்பிவந்து ஜோடியை அடக்குகிறது.

அதே ஜோடிதான் பூஞ்சையின் உள்கடிகாரத்தையும் ஓட்டுகிறது. ஃப்ரீக்வென்சி என்ற புரதத்தை அது உண்டாக்க, அந்தப் புரதம் ஜோடியையே தடுக்க, பிறகு தானே சிதைய, ஒரு சுற்று இருட்டில் ஏறக்குறைய 22 மணி நேரம். இதைப் படித்துவிட்டுத் தங்கள் டியூபில் நாளுக்கு ஒரு பொடிப் பட்டை விழும் என்று எதிர்பார்த்து ஏமாறுகிறவர்கள் அதிகம். அடைத்த டியூபில் கார்பன் டைஆக்சைடு சேரும், தெருவிலிருந்து பிடித்த வகை அதில் பட்டை போடாது. ஆய்வகத்தில் பட்டை தெளிவாகத் தெரிவது ராஸ்-1 மரபணுவில் ஒரு மாற்றம் உள்ள வகையில்.

பொடியாவது

250 மி.லி. கூம்புக் குடுவையில் அகர் சேர்க்காத ஊடகம் 100 மி.லி.; மீன்தொட்டி ஏர் பம்ப் (கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் வேண்டிய அளவில் கிடைக்கும்); காற்று உள்ளே போகும் குழாயிலும் வெளியேறும் குழாயிலும் பஞ்சு வடிகட்டி. வெளியேறும் பக்கத்து வடிகட்டியை மறந்தால் வித்துகள் வீடெங்கும் பரவும். குடுவையும் குழாயும் வடிகட்டியும் முன்கூட்டியே குக்கரில் வெந்திருக்க வேண்டும். வித்துகளைப் போட்டுக் காற்றூட்டி ஒரு நாள் விட்டால் நீருக்குள் வெளிறிய இழைத் திரள் மிதக்கும், பொடி இருக்காது.

பாதியை வேகவைத்த துணியில் வடித்து, ஈரமான ஃபில்டர் பேப்பர்மேல் பரப்பி மூடி வையுங்கள். மறு பாதி குடுவையிலேயே இருக்கட்டும். காற்றில் எடுத்ததில் சில மணி நேரத்தில் இழைகள் மேல்நோக்கி எழும். ஏறக்குறைய பன்னிரண்டு மணியில் மணி கோத்த மாதிரி வித்துச் சரங்கள் வரத் தொடங்கும். குடுவையில் இருப்பது இழையாகவே இருக்கும். காற்றும் உலர்வும் பட்டினியும் சேர்ந்து கொடுக்கும் இந்தச் சைகையை வித்தாக மாற்றும் முக்கியப் புரதம் ஃப்ளஃபி. அது பழுதான வகை மேல்நோக்கி எழும், சரம் கோக்காது, பஞ்சாகவே நின்றுவிடும். பொடி பறக்காது என்பதால் ஆய்வகங்கள் இணைச் சோதனைக்கு அந்த வகையைத்தான் விரும்புகின்றன.

பொடி நன்றாக முதிர்ந்தபின், பெட்டிக்குள் வைத்தபடியே, அதன்மேல் டிராப்பரால் ஒரு துளித் தண்ணீர். தாமரை இலைத் தண்ணீர் போலவே உருண்டு நிற்கும். பக்கத்தில் 100 மி.லி.க்கு இரண்டு துளி பாத்திரம் கழுவும் திரவம் கலந்த தண்ணீர் ஒரு துளி. அது பரவி இறங்கிவிடும். வித்தின் மேல் ஈஏஎஸ் என்ற ஹைட்ரோஃபோபின் புரதம் குச்சி குச்சியாக அடுக்கிய மழைக்கோட்டு போட்டிருக்கிறது. ஒவ்வொரு மூலக்கூறிலும் சிஸ்டைன் என்ற அமினோ அமிலம் எட்டு, அவை ஜோடி சேர்ந்து நான்கு கந்தகப் பாலம். இது இல்லாத வகையில் துளி உடனே ஊறிப்போகும், வித்துகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு காற்றில் சரியாகப் பறக்காது. இந்தப் புரதத்தின் உற்பத்தியும் மேலே சொன்ன கடிகாரத்தின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. வித்துகளைத் தண்ணீரில் கலக்க வேண்டிய எந்த வேலைக்கும் ஒரு துளி சோப்பு ஏன் தேவை என்பதும் இங்கேயே விளங்கிவிடும்.

இணை

நியூரோஸ்போராவில் பெரிய ஏ, சின்ன ஏ என்று இரண்டு இணை வகை. ஒரே வகையைச் சேர்ந்த இரண்டு இணையாது. வெவ்வேறு இடத்தில் பிடித்துத் தனியாகப் பிரித்தெடுத்த நான்கு பூஞ்சைப் பிரிவுகள் கையில் இருக்கட்டும். இரண்டு வகையும் சமமாகக் கிடைப்பதாக வைத்தால் நான்கும் ஒரே வகையாக அமைய எட்டில் ஒரு வாய்ப்புதான். எல்லா ஜோடியையும் சேர்த்தால் ஆறு தட்டு. வேறு வேறு இனமாக இருந்தாலும் இணையாது என்பதால் ஒரே வகைப் பொருளில், கட்டையிலேயே, பிடித்தவற்றைச் சேருங்கள்.

ஊடகத்தை மாற்ற வேண்டும். உப்புகள் அதே அளவு, சர்க்கரை 1 கிராம், ஈஸ்ட் 0.1 கிராம் மட்டும், மேலே ஒரு துண்டு ஃபில்டர் பேப்பர். நைட்ரஜன் குறைந்தால்தான் பெண் உறுப்புகளான சிறு உருண்டைகள் உருவாகும். கொழுத்த ஊடகத்தில் பொடிதான் வரும். இரண்டாவது தடை வெப்பம். 25 டிகிரி வேண்டும், 30-ஐத் தாண்டினால் இந்தப் பாதை அடைபடும். மார்கழி, தை தவிர்த்த மாதங்களில் ஏ.சி. அறை இல்லாமல் இதைத் தொடங்குவது வீண்வேலை. வட சென்னையில் இந்தச் சோதனை தோற்பதற்கு முதல் காரணம் இதுதான்; தவறான ஊடகம், கெட்டுப்போன பிரிவு என்று தேடுமுன் வெப்பமானியைப் பாருங்கள்.

ஒன்றை ஐந்தாறு நாள் வளர்த்து, அதன்மேல் மற்றதன் வித்துகளைச் சோப்புத் தண்ணீரில் கலந்து சொட்டு விடுங்கள். ஒவ்வொரு வகையும் தனக்கே உரிய ஃபெரோமோனை வெளிவிடும். எதிர் வகையின் ஏற்பிப் புரதம் அதை உணர்ந்ததும் உருண்டையிலிருந்து மெல்லிய பெண்ணிழை வளைந்து வளைந்து வித்தைத் தேடிப் போகும். எந்த ஃபெரோமோன், எந்த ஏற்பி என்று தீர்மானிப்பவை இணை வகை மரபணுக்கள் உண்டாக்கும் ஒழுங்குபடுத்தும் புரதங்கள். பொருந்திய தட்டில் ஒரு வாரத்தில் கடுகைவிடச் சிறிய கறுப்பு உருண்டைகள் தெரியும். தட்டை ஒரே பக்கம் வெளிச்சம் வரும்படி வைத்தால் அவற்றின் அலகுகள் (வித்து வெளிவரும் மூக்குகள்) எல்லாம் அந்தப் பக்கமே திரும்பும். இதுவும் வொயிட் காலர் புரதங்களின் வேலை. இரண்டு மூன்று வாரத்தில் மூடியின் வெளிச்சப் பக்கத்தில் கறுப்புத் தூள் தெறித்து ஒட்டியிருக்கும். அவை பாலின வித்துகள். கறுப்பு உருண்டைக்குள் இருக்கும் ஒவ்வொரு பையிலும் எட்டு.

மூடியிலிருந்து ஈரக் குச்சியால் கொஞ்சம் எடுத்து, வேகவைத்த தண்ணீர் 1 மி.லி.யில் கலந்து, பாதியை 60 டிகிரி வெந்நீரில் 30 நிமிடம் வைத்துப் பிறகு தட்டில் ஊற்றுங்கள். மறு பாதியைச் சூடாக்காமல் இன்னொரு தட்டில். சூடு பட்டதில் கறுப்பு வித்துகள் முளைக்கும். சூடு படாததில் அவை அப்படியே உறங்கும். அங்கே ஏதாவது முளைத்தால் அது கூடவே ஒட்டிவந்த ஆரஞ்சு வித்து. 60 டிகிரி அந்த ஆரஞ்சு வித்துகளைக் கொன்றுவிடும் என்பதால் சூடு பட்ட தட்டில் அந்தக் குழப்பம் இல்லை. வெப்பமானி இல்லாமல் குத்துமதிப்பாக வெந்நீர் ஊற்றினால் இரண்டும் செத்துவிடும். எரித்த கரும்பு வயல்களில் இந்தப் பூஞ்சை ஆரஞ்சாகப் பூப்பதைப் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ரமேஷ் மகேஸ்வரி தொடர்ந்து ஆராய்ந்தார். மண்ணில் உறங்கும் வித்துக்கு வயல் தீ செய்வதை இங்கே ஒரு டம்ளர் வெந்நீர் செய்கிறது.

அழிக்கும்போது இதை நினைவில் வையுங்கள். சூட்டில் விழித்துக்கொள்ளும் வித்து இது. வெந்நீர் ஊற்றிக் குப்பையில் போடுவது அதை எழுப்பி அனுப்புவதாகும். தட்டு, டியூப், பஞ்சு, குச்சி எதையும் திறக்காமல், வெப்பம் தாங்கும் பையில் கட்டி, குக்கரில் முழு அழுத்தத்தில் 30 நிமிடம் வேகவைத்த பின்பே வெளியே எடுக்க வேண்டும். பெட்டியை 10 சதவீத பிளீச்சால் துடைத்து இருபது நிமிடம் விட்டுக் கழுவுங்கள். பிளீச் துடைத்த இடத்தில் ஆல்கஹாலையோ ஆசிடையோ ஊற்றிவிடாதீர்கள். இதற்குப் பயன்படுத்திய குக்கர் மறுபடி சமையலுக்கு வேண்டாம்.